ஒழுங்கில்லாத மச்சம்: எதைக் கவனித்து வரலாம், எதை எடுக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 34. உடம்பில் மச்சங்கள் அதிகம். முதுகில் இருந்த ஒன்று ஓரம் கலைந்து, இரண்டு மூன்று நிறமாகத் தெரிந்ததால் தோல் மருத்துவர் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், மிதமான அடிப்பியா, மச்ச செல்கள் ஓரம்வரை உள்ளன' என்று ரிப்போர்ட் வந்தது. அதாவது ஒழுங்கில்லாத மச்சம், செல்களின் ஒழுங்கின்மை மிதமானது, எடுத்த துண்டின் விளிம்புவரை மச்ச செல்கள் இருக்கின்றன. ஒரு மருத்துவர் மறுபடி வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் விட்டுவிடலாம் என்கிறார். இது புற்றுநோயின் முதல் படியா, இதே மாதிரி இருக்கும் மற்ற ஏழெட்டையும் இப்போதே எடுத்துவிடலாமா, கை வைத்தால் பரவிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயத்தோடு கேட்டிருப்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் அல்ல. மற்றவற்றை மொத்தமாக எடுக்கத் தேவையில்லை. வெட்டுவதால் எந்த மச்சமும் புற்றுநோயாக மாறாது, பரவவும் செய்யாது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் மச்சத்தைப் பற்றியே கொஞ்சம் பேசியாக வேண்டும்.

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் என்ற செல்கள் சாதாரணமாகத் தனித்தனியாக இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு மரபணுப் பிசகு ஏற்பட்டு, அது பெருகிக் கூட்டமாகச் சேர்ந்தால் மச்சம். பெரும்பாலான மச்சங்களில் அந்தப் பிசகு பி-ராஃப் என்ற மரபணுவில் இருக்கிறது. மெலனோமா எனும் தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதியிலும் இதே பி-ராஃப் பிசகுதான். கேட்டவுடன் திடுக்கென்று இருக்கும். ஆனால் மச்சத்தில் அந்தச் செல்கள் கொஞ்ச தூரம் பெருகிவிட்டுத் தாமாகவே நின்றுவிடுகின்றன. உடம்பின் தடுப்பு வேலை செய்துவிட்டது என்பதற்கான அடையாளமே அந்த நின்றுபோன கூட்டம். குழந்தைப் பருவத்தில் தொடங்கி முப்பது, நாற்பது வயதுவரை புதிய மச்சங்கள் வருவது இயல்பு. அதன்பிறகு பல மச்சங்கள் மெல்ல வெளிறும், சில காணாமலே போகும்.

ஒழுங்கில்லாத மச்சம் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். தட்டையாக இருக்கும், அல்லது நடுவில் லேசாகப் புடைத்துச் சுற்றிலும் தட்டையாக இருக்கும். ஓரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி தோலோடு கரைந்து போகும். ஒரே மச்சத்தில் இளம்பழுப்பும் அடர்பழுப்பும் கொஞ்சம் சிவப்பும் கலந்திருக்கும். முதுகிலும் மார்பிலும் அதிகம் வரும்.

இந்த மச்சங்களுக்கு மருத்துவத்தில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1978-இல் அமெரிக்காவில் வாலஸ் கிளார்க்கும் அவருடன் இருந்தவர்களும், பலருக்கு மெலனோமா வந்த குடும்பங்களில் இந்த வகை மச்சங்கள் அதிகம் இருப்பதை விவரித்தார்கள். ஹென்றி லிஞ்ச் என்பவரும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதையே எழுதினார். ஆபத்தான குடும்பங்களில் முதலில் கண்டதால் 'டிஸ்பிளாஸ்டிக்' என்ற பெயரும், புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டன. அப்புறம் பார்த்தால், குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லாத எத்தனையோ பேருக்கும் இதே மச்சங்கள் இருந்தன. அந்தப் பெயரையே விட்டுவிடலாம் என்று 1992-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. யாரும் விடவில்லை. உங்கள் ரிப்போர்ட்டிலும் அது நிற்கிறது, உங்கள் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது.

இந்த மச்சங்கள் மெலனோமாவாக மாறவே மாறாதா என்றால், மாறலாம். எவ்வளவு அபூர்வமாக என்பதுதான் விஷயம். 2003-இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, 20 வயது ஆணின் உடம்பில் உள்ள ஏதாவது ஒரு மச்சத்தை எடுத்துக்கொண்டால், அவருடைய 80 வயதுக்குள் அது மெலனோமாவாக மாறும் வாய்ப்பு சுமார் 3,000-இல் 1. பெண்ணுக்குச் சுமார் 10,800-இல் 1. இது எல்லா மச்சங்களுக்குமான சராசரி. ஒழுங்கில்லாத மச்சத்துக்கு இது கொஞ்சம் கூடலாம், ஆனாலும் தனி மச்சம் ஒன்று மாறுவது அரிதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மெலனோமாக்களில் பத்தில் ஏழு, ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து வருவதில்லை. ஒன்றுமே இல்லாத வெறும் தோலில் புதிதாக முளைக்கின்றன. அதே சமயம், ஒழுங்கில்லாத மச்சங்கள் ஐந்து இருப்பவருக்கு, ஒன்றும் இல்லாதவரைவிட மெலனோமா வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு என்று 2005-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். உடம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சாதாரண மச்சங்கள் இருப்பவருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு அபாயம்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒழுங்கில்லாத மச்சங்கள் உங்கள் மொத்தத் தோலின் சுபாவத்தைச் சொல்கின்றன. உங்களுக்கு அபாயம் அதிகம் என்கின்றன. அந்த அபாயம் உடம்பு முழுவதும் பரவிக் கிடக்கிறது, அந்த ஏழெட்டு இடங்களில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஏழெட்டையும் வெட்டி எடுத்தாலும் அபாயம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மிஞ்சுவது தழும்புகள்.

தழும்பு என்றதும் சின்னக் கீறலாக நினைத்துவிடாதீர்கள். 8 மில்லிமீட்டர் மச்சத்தை இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் விட்டு எடுத்தால் அகலம் 12 மில்லிமீட்டர். தையல் சுருங்காமல் தட்டையாக ஆற வேண்டுமானால் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு வேண்டும். ஆக, 36 மில்லிமீட்டர் கோடு. முதுகில் தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் அந்தக் கோடு நாளடைவில் அகலமாகும். ஏழெட்டு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்த வருடம் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. எனக்கு அதுதான் தழும்பைவிடக் கவலை.

சரி, அப்படியானால் எப்போது எடுக்க வேண்டும்? 'இது இப்போதே மெலனோமாவாக இருக்குமோ' என்று நியாயமான சந்தேகம் வரும்போது. என்றைக்கோ ஒருநாள் மாறிவிடுமோ என்ற பயம் போதுமான காரணம் ஆகாது.

அந்தச் சந்தேகத்தை எழுப்பும் அடையாளங்களை 1985-இல் அமெரிக்காவில் நான்காகத் தொகுத்தார்கள்: இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேல் குறுக்களவு. 2004-இல் ஐந்தாவதாக 'மாற்றம்' என்பதைச் சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு முதல் நான்கும் பெரிய உதவியாக இருக்காது, ஏனென்றால் ஒழுங்கில்லாத மச்சம் என்றாலே அந்த நான்கும் ஓரளவு இருக்கும். உங்களுக்கு ஐந்தாவதுதான் முக்கியம். ஐந்து வருடமாக அப்படியே இருக்கும் அழகற்ற மச்சத்தைவிட, ஐந்து மாதத்தில் மாறிய சுமாரான மச்சம்தான் எனக்குக் கவலை தரும்.

கூடவே இன்னொரு வழியும் உண்டு, அதை 1998-இல் பிரான்சில் இரண்டு மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பச் சாயலில் இருக்கும். சிலருக்கு எல்லாமே பெரிதாகவும் இருநிறமாகவும் இருக்கும், சிலருக்கு எல்லாமே சின்னதாகவும் கறுப்பாகவும் இருக்கும். அந்தச் சாயலில் சேராமல் எது தனித்து நிற்கிறதோ அதைக் கவனி என்றார்கள். எளிமையான விஷயம், ஆனால் நடைமுறையில் மிகவும் பயன்படுகிறது. முதுகை மொத்தமாக ஒருமுறை பார்த்தால் ஒன்று மட்டும் கண்ணை இழுக்கும். பெரிய பழுப்பு மச்சங்களுக்கு நடுவே ஒரு சின்ன, கன்னங்கரேல் என்ற புள்ளி இருந்தால், 3 மில்லிமீட்டர்தான் என்று விட்டுவிடக் கூடாது.

மேலே சொன்ன அடையாளங்களில் முதல் நான்குக்கும் பெரும்பாலும் சிக்காத ஒரு வகை மெலனோமா இருக்கிறது. அது வட்டமாக, ஒரே நிறமாக, சில சமயம் நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக, உருண்டு புடைத்து வரும். தொட்டால் கெட்டியாக இருக்கும், வாரக்கணக்கில் வளரும். பரு என்றும் பூச்சிக்கடி என்றும் பலர் நாட்களைக் கடத்திவிடுவார்கள். புடைப்பு, கெட்டித்தன்மை, ஒரு மாதத்துக்கு மேல் தொடரும் வளர்ச்சி, மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது. அடிபடாமல் ரத்தம் கசிந்தாலும், ஆறாத புண்ணாக இருந்தாலும், விடாமல் அரித்தாலும் காட்டிவிடுங்கள். மச்சத்தில் முடி முளைத்திருப்பது நல்லதா கெட்டதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை.

மாற்றம் என்று சொன்னேனே, அதற்கும் வயது ஒரு பொருட்டு. பதின்ம வயதில், இருபதுகளில் மச்சம் கொஞ்சம் பெரிதாவது சகஜம். உடம்பே வளர்கிறது, மச்சமும் வளரும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு மச்சம் வந்தாலோ பழையது பெரிதானாலோ அந்தச் சலுகை கிடையாது. அந்த வயதில் வரும் பழுப்புப் புடைப்புகளில் பெரும்பாலானவை மச்சமே அல்ல, செபரிக் கெரடோசிஸ் என்ற தீங்கற்ற தடிப்புகள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பழகிய கண். கர்ப்பகாலத்தில் மச்சம் மாறுவது இயல்பு என்ற பேச்சையும் நம்பி இருந்துவிட வேண்டாம். வயிறும் மார்பகமும் விரிவதால் அங்குள்ள மச்சங்கள் விரியும், அது மட்டும் சரி. வேறு இடத்தில் மாறினால் மற்றவர்களுக்குப் போலவே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அப்போதே எடுக்கவும் செய்யலாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியால் குழந்தைக்கு ஆபத்து இல்லை.

உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகியவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவது மிகவும் குறைவு. வரும்போது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. வெயிலுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நகத்தில் ஒரு பழுப்புக் கோடு வருவது கருத்த தோலில் சகஜம்தான், பல விரல்களில் வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரே ஒரு விரலில் வந்து, நாளாக நாளாக அகலமாகி, நகத்தடித் தோலிலும் கருமை படர்ந்தால் உடனே காட்ட வேண்டும். ரெக்கே பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைதான். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். குதிகாலில் ஆறாத புண், ரத்தக்கட்டு என்று நினைத்த கறுப்பு, மரு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த தடிப்பு, இவையெல்லாம் தாமதமாக வந்துசேரும் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதைகள்.

பரிசோதனைக்குப் போனால் மருத்துவர் டெர்மடோஸ்கோப் என்ற சின்னக் கருவியை மச்சத்தின்மேல் வைப்பார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பை நீக்கிவிடும் என்பதால் கொஞ்சம் ஆழத்தில் இருப்பதும் தெரியும். வெறும் கண்ணுக்குப் பழுப்புத் திட்டாக இருந்தது அதில் வலைப்பின்னலாகத் தெரியும். நல்ல மச்சத்தில் அந்த வலையின் கண்கள் ஒரே அளவாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக வலை மெலிந்து மறையும். சந்தேகமான மச்சத்தில் வலை ஒரு பக்கம் தடித்து, சட்டென்று அறுந்தாற்போல முடியும். சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு மூட்டம் படிந்திருக்கலாம், தழும்பு போன்ற வெள்ளைப் பகுதி இருக்கலாம், ஒரு ஓரத்தில் மட்டும் கோடுகள் கிளம்பி வெளியே நீண்டிருக்கலாம். உள்ளங்காலில் பார்க்கும்போது நிறம் தோல் ரேகையின் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் மச்சம், மேட்டில் ஓடினால் மெலனோமா சந்தேகம். இந்தக் கருவியை முறையாகப் படித்துப் பழகியவர் கையில் தேவையற்ற வெட்டு குறையும், தேவையானது தப்புவதும் குறையும். கருவி இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எட்டு மச்சத்தை எடுக்கச் சொல்பவரிடம் நான் இரண்டாவது கருத்து கேட்பேன்.

டெர்மடோஸ்கோப்பில் பார்த்தும் முடிவு சொல்ல முடியாத மச்சங்கள் இருக்கும். அங்கேதான் கண்காணிப்பு வருகிறது. தட்டையான மச்சம், ஒன்றோ இரண்டோ, லேசான சந்தேகம் மட்டும் என்றால், டெர்மடோஸ்கோப் வழியாகவே படம் எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்து அதே மச்சத்தை அதே மாதிரி எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பெரும்பாலும் நிம்மதி. மாறியிருந்தால் எடுத்துவிடலாம். மச்சங்கள் நிறைய உள்ளவர்களுக்கு உடம்பு முழுவதையும் பகுதி பகுதியாகப் படமெடுத்து வைத்து, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ஒப்பிடுவது நல்ல ஏற்பாடு. புதிதாக வந்ததும் மாறியதும் அதில்தான் பிடிபடும்.

கண்காணிப்புக்கு இரண்டு நிபந்தனைகள். புடைத்த, கெட்டியான மச்சத்தில் சந்தேகம் வந்தால் மூன்று மாதம் காத்திருக்கும் பேச்சே கிடையாது, எடுத்துவிட வேண்டும். வேகமாக ஆழத்துக்கு இறங்கும் வகையாக இருந்துவிட்டால் அந்த மூன்று மாதம் பெரிய விலை. அடுத்தது, நோயாளி திரும்பி வருவார் என்ற உறுதி வேண்டும். அடிக்கடி ஊர் மாறுகிறவர், தேதியை மறந்துவிடுகிறவர், அல்லது அந்த மூன்று மாதமும் தூங்காமல் தவிக்கப் போகிறவர் என்றால் அந்த ஒரு மச்சத்தை எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். மன நிம்மதிக்காக ஒன்றை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எட்டை எடுப்பதில்தான் ஆட்சேபணை.

எடுப்பது எளிய வேலை. மரத்துப்போகும் ஊசி போடும்போது மட்டும் சுருக்கென்று இருக்கும். மச்சத்தைச் சுற்றி 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து முழுதாக எடுத்துத் தையல் போடுவார்கள், முதுகில் தையலைப் பிரிக்கப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். சில இடங்களில் தையல் இல்லாமல் பிளேடால் ஆழமாகக் குடைந்து எடுப்பதும் உண்டு, ஆழம் போதுமானதாக இருந்தால் அதுவும் சரியே. மேலோட்டமாகச் சீவுவது மட்டும் கூடாது. மெலனோமாவாக இருந்துவிட்டால் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை முழுவதும் தீர்மானமாகிறது. பாதியில் சீவிவிட்டால் அந்த அளவே கிடைக்காமல் போகும்.

லேசர், சூடு வைத்துப் பொசுக்குவது, ஆசிட் கலந்த கிரீம் எதுவும் சந்தேகமான மச்சத்துக்குக் கூடவே கூடாது. அழகு நிலையத்தில் மச்சம் நீக்கித் தருகிறோம் என்று கூப்பிட்டாலும் போக வேண்டாம். பொசுக்கிவிட்டால் பரிசோதிக்கத் திசு மிஞ்சாது. மேலே ஆறிப்போய், அடியில் மிச்சம் இருந்து வளரவும் செய்யலாம். 'மச்சத்தில் கை வைத்தான், பரவிவிட்டது' என்று ஊரில் சொல்லும் கதைகளில் சில இப்படி வந்தவைதான். ஆரம்பத்திலிருந்தே புற்றுநோயாக இருந்ததைப் பரிசோதிக்காமல் அரைகுறையாக எடுத்திருப்பார்கள். பழி கத்திமேல் விழும்.

எடுத்த துண்டு ஃபார்மலின் குப்பியில் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அதன் ஓரங்களில் மை பூசி, குறுக்கே துண்டு துண்டாக நறுக்கி, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றுவார்கள். மைக்ராஸ்கோப்பில் மச்ச செல் அந்த மைக்கோட்டைத் தொட்டால் 'ஓரம்வரை உள்ளது' என்று எழுதுவார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சீவலை ஒட்டிய கண்ணாடித் தகட்டில் பார்ப்பது மொத்த ஓரத்தில் சிறு பங்குதான். அதனால் ஓரம் சுத்தம் என்பதும், ஓரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு மதிப்பீடே.

செல்களின் ஒழுங்கின்மையை லேசு, மிதம், கடுமை என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதைக் குறைந்த தரம், அதிகத் தரம் என்று இரண்டாக்கியது. பழைய 'மிதம்' ஏறக்குறைய குறைந்த தரத்தில் வரும், 'கடுமை' அதிகத் தரத்தில் வரும். லேசானதை இப்போது தனியாகப் பொருட்படுத்துவதே இல்லை. இப்படிச் சுருக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் 187 பத்தாலஜிஸ்ட்களிடம், அதாவது திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்களிடம், பரிசோதனைக்கு எடுத்த தோல் துண்டுகளின் கண்ணாடித் தகடுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சாதாரண மச்சத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். உங்களுடையதைப் போன்ற மிதமான வகையில், நிபுணர் குழு சொன்ன முடிவோடு ஒத்துப்போனது நான்கில் ஒன்றுதான். அதே ஆளிடம் சில மாதம் கழித்து அதே கண்ணாடியைக் கொடுத்தபோது, முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னது மூன்றில் ஒரு பங்கு தடவைதான். அவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. இரண்டு முனைகளும் தெளிவு, நடுப்பகுதி மங்கல்.

இப்போது உங்கள் இரண்டு மருத்துவர்களிடம் வரலாம். முன்பெல்லாம் டிஸ்பிளாஸ்டிக் என்று வந்து ஓரத்திலும் செல் இருந்தால் மறுபடி வெட்டுவதே வழக்கம். முதலாமவர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். 2018-இல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மிஞ்சாமல் எடுத்த, ஆனால் மைக்ராஸ்கோப்பில் ஓரத்தில் செல் இருந்த 467 மிதமான மச்சங்களைப் பற்றி எழுதின. மறுபடி வெட்டாமல் சராசரியாக ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து பார்த்ததில், அந்த இடங்களில் ஒன்றில்கூட மெலனோமா வரவில்லை. ஆனால் அந்த நோயாளிகளில் 22.8 சதவீதம் பேருக்கு உடம்பின் வேறு இடத்தில் மெலனோமா வந்தது. அவர்கள் ஏற்கெனவே அபாயம் அதிகமுள்ளவர்கள், சிறப்பு மையங்களுக்கு வந்தவர்கள், அதனால் இந்த எண்ணை அப்படியே உங்கள்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆபத்து பழைய தழும்பில் இல்லை, மற்ற தோலில் இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி, தழும்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் பழுப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது. இல்லை என்றால் விட்டுவிட்டுக் கவனித்து வரலாம், இரண்டாவது மருத்துவர் சொன்னது சரி. மிச்சம் தெரிந்தாலோ, எடுக்கும்போதே பாதிதான் எடுத்தார்கள் என்றாலோ, மீதியையும் எடுத்துப் பரிசோதிப்பது நல்லது, ஏனென்றால் பார்க்காத பாதியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. விட்டுவைத்த தழும்புக்குள் சில மாதங்களில் மறுபடி நிறம் வந்தால் பயந்துவிட வேண்டாம், மிச்சமிருந்த மச்சம் திரும்ப வருவது உண்டு. அது பார்வைக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் மெலனோமாவைப் போலவே வேஷம் போடும். அதை எடுக்க நேர்ந்தால், இதே இடத்தில் முன்பு எடுத்தது என்று எழுதி, பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். நிறம் தழும்பைத் தாண்டி வெளியே படர்ந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் 'கடுமை' என்று வந்திருந்தால் பதில் வேறு. அதற்கும் ஆரம்பநிலை மெலனோமாவுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது, அதனால் 2 முதல் 5 மில்லிமீட்டர் விட்டு மறுபடி எடுப்பதே பொதுவான வழக்கம். அந்தக் கண்ணாடியைத் தோல் திசுவில் தனிப் பயிற்சி உள்ள இன்னொரு பத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுவதும் நல்லது. மேல்தோலோடு நிற்கும் மெலனோமா என்றால் 5 முதல் 10 மில்லிமீட்டர், உள்ளே 1 மில்லிமீட்டருக்குள் இறங்கியது என்றால் 1 சென்டிமீட்டர் விட்டு எடுப்பார்கள். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று குடும்ப வரலாறு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா என்று ரத்த உறவில் யாருக்காவது மெலனோமா வந்ததா என்று விசாரியுங்கள். உடம்பில் ஐம்பதுக்கு மேல் மச்சமும், அவற்றில் சில ஒழுங்கில்லாமலும், நெருங்கிய உறவில் மெலனோமாவும் சேர்ந்து இருந்தால் நீங்கள் வேறு வரிசையில் நிற்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு உடம்பையும் பார்க்க வேண்டியிருக்கும். உறவில் மூன்று பேருக்கு மெலனோமா இருந்தாலோ, மெலனோமாவும் கணையப் புற்றுநோயும் ஒரே குடும்பத்தில் இருந்தாலோ, சி.டி.கே.என்.2.ஏ என்ற மரபணுவில் பிசகு இருக்கலாம். அதற்கு மரபணு ஆலோசனை தேவை, ஏனென்றால் அந்தப் பிசகு கணையத்துக்கும் அபாயம். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, உங்களுக்கும் முன்பு மெலனோமா வந்ததில்லை என்றால் வருடத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை பொதுவாகப் போதும்.

வெயிலைப் பற்றித் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்: உச்சி வெயிலில் தோல் சிவந்து எரியுமளவு நிற்காதீர்கள், துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்தில் சன்ஸ்கிரீன் போடுங்கள். தோல் நிறம் வெளிறியவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குளித்து முடித்து, நல்ல வெளிச்சத்தில், ஒரு பெரிய கண்ணாடி முன்னால் நின்று, கையில் இன்னொரு கண்ணாடியோடு பாருங்கள். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, உள்ளங்கால், பிட்டம் எல்லாம் கணக்கில் உண்டு. முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் பார்க்க வேண்டாம். தினம் பார்க்கிற கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது, கவலை மட்டும் வளரும். நினைவை நம்பாமல் போனில் படம் எடுத்துவையுங்கள். முதலில் முழு முதுகும் தெரிய ஒன்று, அப்புறம் ஒவ்வொரு மச்சத்துக்கும் பக்கத்தில் சின்ன ஸ்கேல் வைத்து ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே விளக்கில், அதே தூரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெளிச்சம் மாறினால் மச்சத்தின் நிறமும் மாறினாற்போலத் தெரிந்து வீண் பயம் வரும். மச்சத்தைப் படமெடுத்தால் புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் ஆப்களின் பதிலை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் படங்களையும், இப்போது வந்த ரிப்போர்ட்டின் நகலையும், எந்த மச்சம் எடுக்கப்பட்டது என்று குறித்த படத்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப் போவது அவற்றைத்தான்.